கூடைக்காரியை வரைந்த வருடங்கள்

ஒரே பெண்ணை மாதம் இருபத்து நான்கு தடவை வரைய வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது, அதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கேட்ட உடனேயே சரி என்றுவிட்டேன். யோசித்துப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி. பொகவந்தலாவை பஜாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பக்கத்திலேயே இருந்த பாலர் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உயர்தரப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தேன். சும்மா இருக்க முடியாமல் வகுப்பறைச் சுவரில் நான் வரைந்து வைத்த பஸ்ஸையும் மாட்டையும் மழையையும் பார்த்துத்தான் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தார். பின்னேரங்களில், பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடைக்கு மேலிருந்த அறையில், தோட்டத்துக் குடும்பங்களுக்கென்று சுகாதாரம் பேசும் ஒரு மாதச் சஞ்சிகை தயாரித்தார்.

"எழுத வாசிக்கத் தெரியாத ஆக்களும் பாக்கிற மாதிரி நாலு பக்கம் படக்கதை வேணும் பிள்ளை," என்றார். "ஒவ்வொரு மாதமும் அதே ஆள் வரவேணும். சனத்துக்குப் பழக்கமான ஆளா இருந்தா நல்லது. ஆரைப் போடலாம்?"

"கொழுந்து எடுக்குற ஒரு அக்காவப் போடலாம் டீச்சர்."

"கூடையோடயோ?"

"கூடையோடதான்," என்றேன்.

முதல் இதழின் அட்டைக்கு அவளை முழுப் பக்க அளவில் வரைந்தேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கிழிந்துபோன தேயிலைப் பைகளின் உள் கடதாசியை அவர் மடித்துக் கொண்டுவந்து தருவார். அதில் பத்துப் பதினைந்து தடவை பழகிவிட்டு, டீச்சர் கொடுத்த வெள்ளை அட்டையில் மையால் போட்டேன். தலைத்துணி, அதன்மேல் மடித்து வைத்த சும்மாட்டுத் துணி, அதன்மேல் கூடைக்கயிறு, முதுகில் கம்பளி, கம்பளிக்கு மேல் கூடை, சேலைக்கு மேலே போட்ட ஆண்பிள்ளைச் சட்டை, இடுப்பைச் சுற்றிப் படங்கு என்று கட்டிய முரட்டுச் சாக்குத் துணி, அதை இறுக்கும் கயிறு, செடியின் மட்டம் பார்க்கும் கம்பு, தோடு, மூக்குத்தி, வளையல், இடுப்பில் வெற்றிலைப் பை. கூடைப் பின்னலை ஒவ்வொரு இழையாகப் போட்டேன். அதற்கே ஒரு நாள் போனது. டீச்சர் அதை மேசையில் வைத்துத் தள்ளி நின்று பார்த்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அட்டை ஒரு படம். உள்ளே இருபத்து நான்கு படங்கள். அவள் நிற்க வேண்டும், உட்கார வேண்டும், தண்ணீர்க் குழாயடியில் பேச வேண்டும், பின்பக்கம் காட்டி மேடேற வேண்டும், குனிய வேண்டும். ஒவ்வொன்றிலும் அதே பதின்மூன்று பொருட்கள். முன்னால் இருந்து பார்த்தால் கயிறு ஒரு மாதிரி, பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி. அவள் கையைத் தூக்கினால் சட்டை மேலேறும், படங்கு என்ன ஆகும்? தெரியவில்லை. நான்காவது படத்துக்கு வரும்போதே முதல் படத்தில் கம்பு எந்தக் கையில் இருந்தது என்று மறந்துபோயிருக்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்தால் உட்கார மனம் வராது. ஜன்னல் கட்டையில் அட்டையை வைத்து நின்றபடியே வரைவேன். இரண்டு கோடு போட்டுவிட்டு வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன்.

"ஒன் காலு தரையிலயே நிக்க மாட்டேங்குது," என்று அம்மா சொல்லும். "பேன் புடிச்ச கோழி மாதிரி எதுக்கு இப்படி சுத்துற?"

இதழ் அச்சாகி வந்த நாள் ஹட்டனுக்கு ஓடினேன். திறந்து பார்த்தேன். சின்னக் கட்டங்களில் நான் உயிரைக் கொடுத்துப் போட்ட கூடைப் பின்னல் முழுவதும் மை கூடி ஒரே கறுப்புக் கட்டியாகியிருந்தது. அவள் முதுகில் ஒரு நிலக்கரி மூட்டையைச் சுமந்துகொண்டு சுகாதாரம் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்தில் டயகமவில் இருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கடிதம் போட்டது. அக்காவின் மூக்குத்தி மூன்றாம் படத்தில் வலது பக்கம், ஏழாம் படத்தில் இடது பக்கம், பதினொன்றில் காணோம், களவு போய்விட்டதா என்று கேட்டிருந்தது. டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாதம் எதிர்ப்பக்கம் போனேன். இருப்பதையெல்லாம் கழற்றி எறிந்தேன். கூடைக்கு ஒரு முக்கோணம், கயிறுக்கு ஒரு கோடு, படங்குக்கு ஒரு கட்டம். நகை கிடையாது, பை கிடையாது. இருபத்து நான்கு படமும் ஐந்தே நாளில் முடிந்தது. டீச்சர், "இந்த முறை கெதியா முடிச்சிட்டீர்," என்று சந்தோஷப்பட்டார். அச்சும் சுத்தமாக வந்திருந்தது.

அந்த இதழை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் படத்தை வரிசையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் கதை புரிந்துவிடும். அதற்காகத்தானே அந்த நாலு பக்கமும். அம்மா விரலை முதல் படத்திலேயே நிறுத்திவிட்டது.

"இந்தப் பொம்பளைக்கு கூடை எதுல தொங்குது?"

"கயித்துலம்மா. இந்தா, கோடு போட்டுருக்கேன்ல."

"அது தலைக்கு மேல சும்மா கெடக்குது. இப்படிப் போட்டா ரெண்டு எட்டு வைக்கிறதுக்குள்ள கூடை பின்னால சரிஞ்சு இவ மல்லாக்க விழுந்துருவா." இன்னும் இரண்டு படம் பார்த்தது. "இவ மலைக்குப் போறவ இல்ல. போட்டோ புடிக்க நிக்கிறவ."

"அப்ப நீங்க ஒருதரம் கூடையப் போட்டு நில்லுங்கம்மா. பாத்து வரையிறேன்."

அம்மாவின் முகம் மாறியது. இதழை மடித்து என் மடியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டது.

அம்மா தன் கூடையை ஒருநாளும் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. வெளிச்சுவரில் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வரும். சின்ன வயதில் ஒருதடவை விளையாட்டாக அந்தக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆடினேன். அம்மா ஓடிவந்து அடித்தது. பிறகு அதுவே அழுதது. "இந்தக் கயிறு ஒன் தலையில படக்கூடாது. பட்டுச்சுன்னா நான் செத்ததுக்குச் சமம்," என்றது. என்னைப் படிக்க வைத்தது, பாலர் பாடசாலை வேலைக்காக யார் யாரையோ போய்ப் பார்த்தது, எல்லாம் அந்த ஒரு பிடிவாதத்தில்தான். அம்மா வேலைக்குப் போகாத ஒருநாள், ஆணியில் தொங்கிய கூடையை அளந்து பார்ப்போம் என்று அடிமட்டத்தோடு வெளியே போனேன். அம்மா வந்து கூடையை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டது.

அதனால் வேறு வழிகளில் அலைந்தேன். பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வழியாக ஹட்டனுக்குப் போகும் பஸ் அந்த வளைவுகளில் ஊர்ந்துதான் போகும். இடது பக்க ஜன்னலோரம் கிடைத்தால் மலைச்சரிவில் நிற்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஒருத்தியைப் பிடித்து, அவள் தலையில் என்ன, இடுப்பில் என்ன என்று கொப்பியில் குறிப்பேன். குறித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த வளைவில் திரும்பிவிடும். இன்னொருத்தி வருவாள். கொப்பி முழுவதும் பாதிப் பாதிப் பெண்கள். பிறகு தேயிலைப் பைக் கடதாசியில் அவளை முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் என்று நான்கு நிலைகளில் பெரிதாக வரைந்து, பொருட்களுக்கு எண் போட்டுச் சுவரில் ஒட்டினேன். எந்தப் படம் வரைந்தாலும் அதைப் பார்த்துச் சரிபிடித்தேன். மூக்குத்தி இடம் மாறுவது நின்றது. டயகமப் பிள்ளை கடிதம் போடவில்லை.

ஆனால் மூன்று இதழ் தாண்டியதும் டீச்சர் ஒருநாள் அட்டைகளை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, கோவிக்காதையும். இவ ஏன் ஒரு படத்திலையும் நடக்கிறா இல்லை?"

"நடக்குறாங்களே டீச்சர். இந்தா காலு முன்னால போகுது."

"கால் போகுது. ஆள் போகேல்லை. கூடையும் முதுகிலை ஒட்டி வைச்ச மாதிரிக் கிடக்கு. எனக்குப் படம் கீறத் தெரியாது, ஆனா பாத்தா ஏதோ பிழையாத் தெரியுது."

பிழை என்பது எனக்கும் தெரியும். அதைச் சொல்லக் கேட்டதும் அறையில் இருக்க முடியவில்லை. வேறு வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு இறங்கி, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் டிக்கோயா வரைக்கும் நடந்தே வந்தேன். அன்றைக்கு நடக்கும்போதுதான் முடிவு எடுத்தேன்.

என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்த தோழி ஒருத்தி, மலைக்கு அந்தப் பக்கத்து டிவிஷனில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். வாயாடி. கொழுந்து மண்டிக்கிடக்கும் மாதங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வெளியாட்களையும் சேர்த்துக்கொள்வார்கள். அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"படம் வரையிறதுக்காக கொழுந்து எடுக்கப் போறியா? ஒனக்கென்ன மண்ட கொழம்பிருச்சா டீ?" என்றாள்.

"ஒரு நாள் மட்டும்."

"ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னையத்தான் வெட்டும்."

"தெரியாது. ஹட்டனுக்குப் போறேன்னு சொல்லிட்டு வர்றேன்."

அவள் தன் அக்காவின் பழைய கூடையைத் தந்தாள். படங்கைக் கட்டிவிட்டாள். சும்மாட்டை வைத்து, கயிற்றை என் தலையில் மாட்டி, முன்நெற்றிக்கு மேலே ஓரிடத்தில் இழுத்துவைத்தாள். "இங்கதான் நிக்கணும். பின்னால போச்சுன்னா கழுத்த ஒடிக்கும், முன்னால வந்துச்சுன்னா கண்ண மறைக்கும்." கங்காணி என்னைப் பார்த்து, "டீச்சரம்மாவுக்கு இங்க என்னா வேல?" என்றார். தோழி எனக்கு முன்பாகவே, "பரீட்ச எழுதுது கங்காணி, அதுக்குத்தான்," என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

முதல் அரை மணித்தியாலம் கூடை வெறுமையாக இருந்தது. சுகமாகத்தான் இருந்தது. நான் பழக்கத்தில் எல்லாவற்றையும் கண்ணால் குறித்துக்கொண்டு நின்றேன். வளையலை எல்லாரும் முழங்கைக்கு மேலே ஏற்றிச் சட்டைக்குள் தள்ளியிருந்தார்கள். தலைத்துணி காதை மூடியிருந்ததால் தோடு யாருக்கும் தெரியவில்லை. மழை தூறியதும் ஆளாளுக்கு ஒரு பொலித்தீனைப் போர்த்திக்கொண்டார்கள். நான் இழை இழையாகப் போட்ட கூடைப் பின்னல் அதற்குள் மறைந்துபோனது. மாதக் கணக்கில் நான் மல்லுக்கட்டிய பாதிச் சாமான்கள் வேலை நேரத்தில் கண்ணுக்கே படுவதில்லை.

கொழுந்து ஏற ஏற வேறொன்று நடந்தது. தலையைத் திருப்ப முடியவில்லை. தோழி பக்கத்து நிரையிலிருந்து கூப்பிட்டாள். திரும்ப முயன்றேன், கயிறு கழுத்தைப் பிடித்து நிறுத்தியது. இடுப்போடு முழு உடம்பையும் திருப்பித்தான் அவளைப் பார்க்க முடிந்தது. சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் அப்படித்தான் திரும்பினார்கள். நாடி சற்று முன்னே தள்ளி, கண் மட்டும் மேலே உருண்டு, முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கி. நான் என் பெண்ணை இத்தனை மாதமும் சினேகிதியிடம் பேசும்போது தலையை அழகாகச் சாய்த்து வரைந்திருந்தேன். கூடையோடு ஒருத்தி அப்படிச் சாய்த்தால் அடுத்த நாள் வேலைக்கு வரமாட்டாள்.

பதினொரு மணிக்கு என் உடம்பு காலையில் இருந்த உடம்பாக இல்லை. கயிறு கழுத்தை இழுத்தது. கழுத்தைக் காப்பாற்ற நெஞ்சு முன்னே போனது. நெஞ்சு போனதால் இடுப்பு பின்னே போனது. படங்கின் கயிறு அந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டது. கம்பு மேட்டில் ஊன்றுவதற்கும் ஆயிற்று. ஒவ்வொரு சாமானும் இன்னொன்றைத் தாங்கிக்கொண்டு நின்றது. சும்மாட்டை எடுத்தால் கயிறு நிற்காது. கம்பளியை எடுத்தால் கூடை முதுகெலும்பைக் குத்தும். நான் அவற்றைப் பதின்மூன்று தனித்தனி உருவங்களாக மேலே ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கொழுந்து நிறுத்த இடத்தில் உட்கார்ந்து, ஈரக் கையால் கொப்பியில் ஒரே ஒரு கோடு போட்டேன். நெற்றியில் தொடங்கி, பின்கழுத்து, முதுகு, இடுப்பு, குதிகால். அந்தக் கோட்டின் மேல் கூடையைச் சரித்து வைத்தேன். முகம்கூடப் போடவில்லை. தோழி எட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம மூலை வீட்டு அக்கால்ல?" என்றாள். "அது இப்படித்தான் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நடக்கும்."

அட்டைப்பூச்சி கடித்த காலோடு வீட்டுக்குப் போய் வேறு துணி மாற்றிக்கொண்டு, அம்மாவிடம் ஹட்டனில் மழை என்றேன்.

ஒருநாள் போதும் என்றுதான் போனேன். போதவில்லை. காலையில் ஒரு உடம்பு, மத்தியானம் ஒன்று, பொழுது சாயும்போது இன்னொன்று என்று பட்டது. மேடேறும் உடம்பு வேறு, இறங்குவது வேறு. அடுத்த ஞாயிறும் போனேன். மூன்றாவது ஞாயிறும் போனேன். அந்த மூன்றாவது ஞாயிறு எங்கள் லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

பின்னேரம் கொழுந்து நிறுவைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். நல்ல மழை. மேலே குறுக்குப் பாதையில் குடையில்லாமல் ஒரு ஆள் இறங்கி வருவது தெரிந்தது. நடையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தோழி மெல்ல, "செத்தோம்," என்றாள்.

அம்மா ஒரு மணித்தியாலம் மலையேறி இறங்கி வந்திருந்தது. திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நேரே என்னிடம் வந்து, இரண்டு கையாலும் கயிற்றை என் தலையிலிருந்து தூக்கியது. கயிறு அழுத்திய இடத்தில் என் நெற்றியை உள்ளங்கையால் ஒருதடவை துடைத்தது. பிறகு அந்தக் கூடையைத் தன் முதுகில் போட்டு, கயிற்றைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு, என் இடத்தில் வரிசையில் நின்றது. கங்காணிகூட வேறு பக்கம் பார்த்தார். நிறுத்து, கொட்டி, வெறுங்கூடையைத் தோழியின் காலடியில் வைத்துவிட்டு அம்மா நடக்கத் தொடங்கியது. நான் பின்னால் போனேன்.

இதை எழுதத்தான் வேண்டும். அம்மா என் இடத்தில் அந்தக் கூடையோடு மழையில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, எல்லாம் உண்மை. ஆனால் அதே நேரம் என் கண் அம்மாவின் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாரம் ஏறியதும் குதிகால் எப்படிச் சேற்றில் பதிகிறது, பெருவிரல் எப்படித் தனியாக விரிகிறது என்று மனது குறித்துக்கொண்டேயிருந்தது. போதும் என்று எனக்கே சொல்லிக்கொண்டும் நிற்கவில்லை. அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போட்டு வைக்கும், பேசாது. நான் உட்கார்ந்து அந்த மாதத்துப் படங்களை வரைந்தேன். இந்தத் தடவை முதலில் நெற்றியிலிருந்து குதிகால் வரைக்கும் அந்தக் கோடு. பிறகு பாரம். பிறகு பாரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை. நகையும் பையும் இடமிருந்தால் மட்டும். தூரத்துப் படங்களில் பன்னிரண்டு பெண்கள் சரிவில் நின்றாலும் இன்னார்தான் அவள் என்று சாய்வை வைத்தே கண்டுபிடிக்க முடிந்தது. கோடுகள் பாதியாகக் குறைந்திருந்தன. டீச்சர் பார்த்துவிட்டு, "நடக்கிறா," என்று மட்டும் சொன்னார். எனக்கு அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்ட வேண்டும் போலிருந்தது. காட்டத் துணிவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலை, பாலர் பாடசாலைக்குக் கிளம்பும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து செருப்பை மாட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் வலிக்குதா?"

"லேசா இருக்குதும்மா."

எண்ணெயைச் சுடவைத்து எடுத்து வந்து, என்னை உட்காரவைத்துக் கழுத்தில் தேய்த்தது. கை காய்த்துச் சொரசொரவென்று இருந்தது.

"மூணு நாளு தூக்குனதுக்கே ஒனக்கு இப்படி இருக்குது," என்றது. "எனக்கு இருபத்தெட்டு வருசமா வலிக்குது. அத வரஞ்சியா?"

அம்மா எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நேரமாகியிருந்தது.

அந்தக் கேள்வி என்னை அலைக்கழித்தது. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது பாதியில் வரி மறந்தது. அன்றிலிருந்து கொழுந்து எடுக்கும் நேரத்தை விட்டுவிட்டு, வேலை முடிந்து வந்த பெண்களைப் பார்க்கத் தொடங்கினேன். குழாயடியில், கடையில், கோயில் வாசலில். கூடை இல்லை, படங்கு இல்லை, கயிறு இல்லை. ஆனாலும் கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்பமாட்டார்கள். இடுப்போடு திரும்புவார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கை தானாகப் பின்கழுத்துக்குப் போகும். நாற்காலியில் உட்காரும்போது முதுகைச் சாய்க்காமல், ஏதோ பின்னால் இருப்பதுபோல் நுனியில் உட்காருவார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான். இருபது வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் நான் பார்த்ததில்லை.

அதற்கடுத்த இதழின் கதையில் அவளை இருபத்து நான்கு படங்களிலும் வீட்டு உடுப்பில் போட்டேன். ஒரு சேலை, ஒரு தோடு. அவ்வளவுதான். டீச்சருக்குப் பயம். "சனம் ஆர் எண்டு கேக்கப் போகுது. ஒரு மூலையிலையாவது கூடையைத் தொங்கவிடும்," என்றார். நான் மாட்டேன் என்றேன். எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம்கூட நடந்தது. கடைசியில் டீச்சர் விட்டுக்கொடுத்தார். இதழ் போனது. யாரும் ஆர் என்று கேட்கவில்லை. அம்மா அந்த நாலு பக்கத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுக் கடைசிவரைக்கும் பார்த்தது. இரண்டு இடத்தில் விரல் நின்றது. பிறகு இதழை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு அரிசி புடைக்கப் போனது.

இது எல்லாம் ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது என்று நான் நினைத்திருந்த நேரத்தில், இரண்டாயிரத்துக்குப் பிறகு, எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கூடை போய் நைலோன் சாக்கு வந்தது. சாக்கு கூடை மாதிரி விறைப்பாக நிற்காது. கீழே தொங்கும், நிரம்பினால் தொடையில் இடிக்கும். கோடு வேறு. நான் மறுபடியும் பஸ் ஜன்னலுக்குப் போனேன். சில வாசகர்கள் கூடையே இருக்கட்டும், அதுதான் வடிவு என்று எழுதினார்கள். இன்னும் சிலர் எங்கள் தோட்டத்தில் கூடை இல்லையே என்று எழுதினார்கள். அவளுக்குச் சாக்கைப் போட்டு எட்டு இதழ் வரைந்தேன், ஒன்றுகூடத் திருப்தியில்லை. அதற்குள், போரில் மூடிக்கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்தது. டீச்சர் மாற்றம் கேட்டு ஊருக்குப் போனார். பஸ்ஸில் ஏற்றிவிடப் போனபோது, "நீர் ஓரிடத்திலை இருக்கமாட்டீர். எங்கையாவது போம். ஆனா கீறுறதை விடாதையும்," என்றார். சஞ்சிகை இன்னும் கொஞ்ச மாதம் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடி நின்றுபோனது. நான் ஹட்டனில் ஓர் அச்சகத்தில் கலியாணக் கார்டுகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் படம் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா ஓய்வு பெற்றது. கழுத்து வலி ஓய்வு பெறவில்லை.

என் தோழி கொழும்புப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். தீபாவளிக்கு வந்தவளை ஹட்டன் பஸ் நிலையத்தில் பார்த்தபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. முடியை நேராக்கி வெட்டியிருந்தாள். நீலக் கால்சட்டை, அதில் நூல் வேலை, இடுப்பில் இரண்டு வார், தோளில் ஏகப்பட்ட சிப் வைத்த பை, கையில் போன், போனில் தொங்கும் மணி, கழுத்தில் கம்பெனி அட்டை. காலில் குதி உயர்ந்த செருப்பு.

"இப்ப வரையி பாப்போம் என்னைய," என்றாள்.

கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தேன். நெற்றியில் தொடங்கப் பார்த்தேன். அவள் நெற்றியில் எந்தப் பாரமும் இல்லை. செருப்பு அவளை முன்னால் தள்ளியது, பை ஒரு பக்கமாக இழுத்தது, போன் அடித்தபோது தலை சட்டென்று திரும்பியது. எந்த இடத்திலிருந்து இவளைத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு மணித்தியாலம் தையல் மெஷினில் குனிந்திருப்பவளின் முதுகு எப்படி இருக்கும் என்று அப்போது நான் பார்த்ததும் இல்லை.

"சீக்கிரமாப் போடு டீ, பஸ் எடுக்கப் போறாங்க."

"கொஞ்சம் அசையாம நில்லு."

"நானா? நீ நிக்கிறியா மொதல்ல?"

நான் ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றுகொண்டிருந்தேன். பஸ்ஸின் ஹோர்ன் அடித்தது. அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை நீட்டிக் கொப்பியை வாங்கிப் பார்த்தாள். அதில் ஒரு செருப்பும் அரைப் பையும் மட்டும் இருந்தன. சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு அவள் இருக்கும் இடத்துக்குப் போய் நான்கு நாள் தங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நான் பஸ்ஸோடு கூடவே கொஞ்ச தூரம் நடந்தேன்.